மர்தியோ விட்ட தண்ணீர்

சுபார்லான் இறந்த அன்று காலை மர்தியோவின் வயலில் தண்ணீர் வரப்புக்கு மேலே வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் அவர் போனார்.

எங்கள் மூன்று குடும்பத்துக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு, ஒரே மோட்டார். நடுவில் மர்தியோவின் வயல், கிழக்கே சுபார்லானுடையது, மேற்கே எங்களுடையது. மர்தியோவின் வரப்பு மூலையில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். மீட்டரும் சுவிட்சும் அதற்குள். மீட்டர் சுபார்லான் பெயரில் வாங்கியது, ஏனென்றால் அன்று அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நாள் முறை வைத்து ஆளுக்கொரு நாளாகத் தண்ணீர் எடுத்துக்கொள்வோம்.

வயலுக்குள் மின்கம்பம் வருவதற்கு முன்பு டீசல் எஞ்சினைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு அலைந்த ஆட்கள்தான் நாங்களும். மழைக்கு ஒரு நெல், மிச்ச ஈரத்தில் இன்னொரு நெல், வெயில் காலத்தில் பயறோ சோளமோ, இல்லையென்றால் நிலம் சும்மா கிடக்கும். கரண்டு வந்ததும் விரலால் தட்டினால் தண்ணீர். வெயில் காலத்திலும் நெல் போட்டோம். வருஷத்துக்கு மூன்று நெல். ஊரே அப்படித்தான் செய்தது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்கக் குழாயை நீட்டிக்கொண்டே போனோம்.

வருஷம் முழுக்க வயலில் நெல் நின்றால் வருஷம் முழுக்க எலிக்கும் சாப்பாடு. விஷம் வைத்தோம், வளைக்குள் புகை போட்டோம், ஆந்தைக்குக் கூண்டு கட்டிக் கம்பத்தில் ஏற்றினோம். ஆந்தை தின்ற வேகத்தைவிட எலி குட்டி போட்ட வேகம் அதிகம். கடைசியில், பெட்டிதான் பக்கத்திலேயே இருக்கிறதே என்று வயலைச் சுற்றிச் சாண் உயரத்தில் கம்பி கட்டிக் கரண்டு விட்டோம். முதலில் கட்டியவர் என் வீட்டுக்காரர் ஜுமாதி. அவரைப் பார்த்து மர்தியோ கட்டினான். சுபார்லான் மட்டும் கட்டவில்லை. கம்பியில் கரண்டு ஓடும்போது ஒரு சிவப்பு பல்பு எரிய வேண்டும், விடிந்ததும் கரண்டை எடுத்துவிட வேண்டும். அது எங்களுக்குள் பேசிவைத்தது.

சுபார்லான் இறந்ததற்கு முந்தின நாள் மர்தியோவின் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பந்தியில் தட்டு தூக்கித் தூக்கிக் களைத்துப் போய் வந்தவன், தன் முறை என்று மோட்டாரைப் போட்டு, கம்பிக்கும் கரண்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். பல்பு பீஸ் போயிருந்ததை அவன் கவனிக்கவில்லை. சுபார்லான் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வயலுக்குப் போனார். வழிந்து ஓடும் தண்ணீரைப் பார்த்தார். யாருடைய தண்ணீராக இருந்தால் என்ன, வீணாகப் போகிறதே என்று நினைக்கிற ஆள் அவர். மர்தியோவின் வரப்பு வழியாகப் பெட்டியை நோக்கி நடந்தார். வரப்பெல்லாம் ஈரம்.

ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தது. கிட்டே போய்த் தொடாமல் ஓடிப்போய்க் கம்பத்தடியில் மெயினை இறக்கினார். அந்தப் புத்தி மட்டும் இல்லையென்றால் அன்று ஒரு மய்யித்துக்கு இரண்டாக அடக்கம் செய்திருப்போம்.

வார்சினியிடம் சொல்லப் போனது நான். சுபார்லானின் மனைவி. எனக்கு மூன்று வயது இளையவள். சட்டியில் சோயா தெம்பேத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கிறது.

"அடுப்ப அணைச்சிட்டு வர்றேங்க்கா."

அணைத்தாள். சட்டியில் இருந்ததை எடுத்துத் தட்டில் வைத்து மூடினாள். பிறகுதான் செருப்பு போட்டாள்.

அன்று மதியத்துக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. சோலோ நகரத்தில் மில்லில் வேலை பார்க்கும் மகள் எண்டா வந்து விழுந்து அழுதாள். வார்சினி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே வாசலில் வந்தவர்களுக்குத் தேநீர் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு நாளும் வீட்டில் குர்ஆனிலிருந்து யாசின் ஓதினார்கள். ஏழு நாளும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊர்ப் பெண்கள் என் காதில் கிசுகிசுத்தார்கள். கல்லு நெஞ்சு என்றார்கள் சிலர். அது கல் இல்லை, எனக்குத் தெரியும். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போம் இல்லையா, அது நம் கால்தான், ஆனால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். அவள் முழுக்க அப்படி இருந்தாள்.

பத்தாம் நாள் ஊர்த்தலைவர் வீட்டில் கூடினோம். ஊர்த்தலைவர், போலீஸ்காரர் ஒருவர், மர்தியோ வீட்டு ஆட்கள், நாங்கள். மர்தியோ தரையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயசுதான் அவனுக்கு. நடந்தது விதி, யார்மேலும் குறை இல்லை, வழக்கு வேண்டாம் என்று ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை ஒட்டி வைத்திருந்தார்கள். ஊர்த்தலைவர் அதை நிதானமாக வாசித்தார்.

"சம்மதம்தானேம்மா?" என்றார்.

"எங்க போடணும்?" என்றாள் வார்சினி.

காட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். போலீஸ்காரர் நல்ல மனுஷர். அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்கம்மா. மனசுல வெச்சுக்காதீங்க. அவரும் இங்கதான் இருக்காரு."

வார்சினி கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கு எங்க முறை. பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்கு?"

சுபார்லான் போன பிறகுதான் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தோம். மர்தியோ சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினான். நான் அவளிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு பல மாதம் அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சாவி என் கை வழியாகத்தான் போய்வந்தது. ஒரே கிணறு. கோபம் என்றாலும் துக்கம் என்றாலும் மூன்று நாளைக்கு ஒரு முறை அந்தப் பெட்டிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நெல் கதிர் தள்ளப்போகும் பருவத்தில், தொண்டைக்கதிராக நின்றது. அது எதற்கும் காத்திருக்காது.

மர்தியோ தன் கம்பியைச் சுபார்லான் இறந்த அன்றைக்கே அவிழ்த்துச் சுருட்டிக் குளத்தில் எறிந்துவிட்டான். எலிகள் அவன் வயலில் நடுவிலிருந்து வட்டம் வட்டமாகச் சாப்பிட்டு, ஓரத்தில் மட்டும் வேலி மாதிரி விட்டுவைத்தன. அறுத்தபோது மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அவன் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஊர்த்தலைவர் எல்லாரும் கம்பியை எடுங்கள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். நாங்கள் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் பல்பை இரண்டாக்கி, மண்டை ஓடு வரைந்த பலகை ஒன்றைத் தொங்கவிட்டார், அவ்வளவுதான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு அந்த வருஷம் நல்ல விளைச்சல்.

இதற்கிடையில் ஒன்று நடக்க ஆரம்பித்தது. வார்சினி தன் முறை நாளில் போனால் அவள் வயலில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கும். மர்தியோ தன் முறையில் பாதி நேரத்தை அவளுக்குத் திருப்பிவிட்டிருப்பான். மடையைச் சரிசெய்து, களை பிடுங்கி வரப்பில் குவித்து வைத்திருப்பான். அவள் வருவதற்குள் போய்விடுவான்.

"பார்த்தியா," என்றார் என் வீட்டுக்காரர். "தண்ணிய விட்டே பாவத்தக் கழுவிரலாம்னு பாக்குறான்."

"நீங்க கழுவுறதுக்கு ஒண்ணும் இல்லையாக்கும்?" என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வார்சினியிடம் கேட்டேன். "மர்தியோதான் தண்ணி விடுறான், தெரியுமா?"

"தெரியும்."

"வேண்டாம்னு சொல்லட்டுமா?"

"எதுக்கு?" என்றாள். வேண்டாம் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் நடுவில் அவளுக்கு வித்தியாசம் தெரியாத காலம் அது. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். என்ன சாப்பிட்டாய் என்றால் யோசிப்பாள்.

மழை வந்தது. மழை நெல் போட்டு அறுத்தோம். இரண்டாம் நெல்லும் போட்டு அறுத்தோம். லாவு மலை மேல் மேகம் கலைந்து, வெயில் ஏறியது. மூன்றாம் நெல்லுக்கு நாற்று விடுவது பற்றிப் பேச வழக்கம்போலப் பெட்டியடியில் கூடினோம். மர்தியோ கொஞ்சம் தள்ளி, வரப்பின் அந்தப் பக்கம் நின்றான்.

"மேக்கால வயல்காரங்க நாளைக்கே நாத்து விடுறாங்க," என்றார் என் வீட்டுக்காரர். "நாமளும் ஒண்ணா விட்டாத்தான் நல்லது."

"நான் நெல்லு போடல," என்றாள் வார்சினி.

"என்ன?"

"பச்சைப்பயறு போடுறேன். விதை வாங்கியாச்சு."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏம்மா, கிணத்துல தண்ணி இருக்கு, மோட்டார் இருக்கு, கரண்டு இருக்கு. யாராச்சும் பயறு போடுவாங்களா? நம்ம அப்பன் காலமா இது?"

"பயறுக்கு மூணு தண்ணி போதும்ணே. எலியும் வராது."

"உன் வயலுக்கு வராது! சுத்தி எல்லா எலியும் என் வயலுக்குல்ல வரும்?"

"வரட்டும்," என்றாள்.

சண்டை போடுகிற தொனியே இல்லை. இன்று வெள்ளிக்கிழமை என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். சுவிட்சை இறக்கினாள். எங்கள் கம்பிக்குப் போகும் வயரைத் திருகிக் கழற்றினாள். கழற்றிவிட்டு எங்கள் வரப்பு வழியாக நடந்தாள், குச்சிக்குக் குச்சி குனிந்து கம்பியை அவிழ்த்துத் தன் முழங்கையில் சுற்றிக்கொண்டே போனாள், நூல் சுற்றுகிற மாதிரி.

"ஏய், என்ன பண்ற நீ? அது என் கம்பி!" என்று என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டே பின்னால் போனார்.

"கம்பி உங்களோடதுதான். மீட்டர் எங்க வீட்டுக்காரரோடது." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த மீட்டர்ல மோட்டார் மட்டும் ஓடட்டும்."

வயலைச் சுற்றி முடிக்க அரை மணி நேரம் ஆனது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பது? அழுதால் சமாதானம் சொல்லலாம், திட்டினால் திருப்பித் திட்டலாம். அவள் இரண்டும் செய்யவில்லை. முடித்துவிட்டுச் சுருளை என் கையில் கொடுத்தாள்.

"வெச்சுக்கோங்கக்கா. துணி காயப்போட ஆகும்."

அந்தச் சுருளை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தேடினார். எங்கே என்று கேட்டபோது தெரியாது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாம் நாள் தேடுவதை விட்டுவிட்டார். நெல் மட்டும் நட்டே தீருவேன் என்று நட்டார்.

மர்தியோ பயறு போட்டான். யாரும் சொல்லவில்லை. அவள் என்ன செய்தாலும் அவன் அதையே செய்தான். ஆனால் அவனுக்குப் பயறு தெரியாது. அவனுக்கு நினைவு தெரிந்ததிலிருந்து நெல்தான். நெல் என்றால் தண்ணீர் நிற்க வேண்டும், நின்றால்தான் மனசு நிறையும் அவனுக்கு.

பயறு நன்றாக வந்தது. முழங்கால் உயரத்துக்கு வந்து மஞ்சளாகப் பூவெடுத்தது. வார்சினி விதைப்புக்கு முன் ஒரு தண்ணீர், அப்புறம் ஒரு தண்ணீர் விட்டிருந்தாள். காய் பிடிக்கும்போது மூன்றாவது விடுவதாக இருந்தாள். வெயில் கொளுத்தியது. ஆகஸ்டு மாதம், சுபார்லான் போய் வருஷம் ஆகப்போகிறது.

ஒரு காலை, ஒன்பது மணி இருக்கும். நான் எங்கள் வயலில் எலி வெட்டிய தூர்களை எண்ணிக்கொண்டு, என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிழக்கே சத்தம் கேட்டது. வார்சினி குரல் என்று எனக்கு முதலில் தோன்றவே இல்லை. அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"யாரக் கேட்டு விட்ட? யாரக் கேட்டுடா தண்ணி விட்ட?"

ஓடினேன். அவள் வயல் குளமாக நின்றது. பூவெடுத்த பயறு தண்டு பாதி வரை தண்ணீரில். மர்தியோ கையில் மண்வெட்டியோடு மடையோரம் நின்றான்.

"வெயில் அதிகமா இருந்துச்சு அண்ணி. வாடிப்போச்சோன்னு..."

"வாடிச்சா? பயறு வாடிச்சுன்னு உன்கிட்ட சொல்லிச்சா? வேர் அழுகிச் செத்துரும்டா! ஒரு நாள் நின்னா போதும், செத்துரும்! தண்ணி, தண்ணி, தண்ணி! உனக்கு அளவே தெரியாதா? அன்னிக்கும் இதேதான!"

அவள் குனிந்து சேற்றை அள்ளி அவன்மேல் எறிந்தாள். அவன் நகரவில்லை. இன்னொரு கை. அவன் நெஞ்சில் பட்டு வழிந்தது.

"அன்னிக்கும் வழிஞ்சு ஓடிச்சு. உன் தண்ணிய அடைக்க வந்தவருடா அவரு. உன் தண்ணிய! அவரு வயலுக்கில்ல. உனக்கு வீணாப் போகுதேன்னு வந்தாரு."

"தெரியும் அண்ணி."

"அப்ப ஏன்டா நிறுத்தல? ஏன் வரல காலைல?"

அவன் ஏதாவது பெரிய காரணம் சொல்வான் என்று நானும் காத்திருந்தேன். ஒரு வருஷமாக ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"தூங்கிட்டேன்," என்றான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணி. தூங்கிட்டேன்."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையிலிருந்த சேறு விரல் இடுக்கு வழியாக ஒழுகியது. அப்புறம் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். பக்கத்து வயல் ஆட்களெல்லாம் தூரத்து வரப்பில் வந்து நின்றுவிட்டார்கள், அப்படி அழுதாள். நான் கிட்டே போய் தோளைப் பிடித்தேன். என்னையும் உதறினாள். "நீங்களும்தான்க்கா," என்றாள். "உங்க வீட்டுலயும் கம்பி இருந்துச்சு. அவரு செத்த பிறகும் மாசக்கணக்கா இருந்துச்சு. தினமும் அந்தச் செவப்பு பல்பப் பாத்துட்டுத்தான் நான் கதவச் சாத்துவேன்."

நானும் தண்ணீரில் உட்கார்ந்தேன்.

அவள்தான் முதலில் எழுந்தாள். மூக்கை முன்னங்கையால் துடைத்தாள்.

"நிக்கிறத பாரு, மரம் மாதிரி," என்றாள் மர்தியோவிடம். "தெக்கு வரப்ப வெட்டு. தண்ணி வடியட்டும்."

அவன் வெட்டினான். அவள் உள்ளே வாய்க்கால் கீறினாள். நானும் கையால் சேற்றைத் தள்ளினேன். நண்பகல் வரை மூன்று பேரும் வேலை செய்தோம். பேச்சு என்றால், இங்கே ஆழம், அங்கே அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வடிந்த தண்ணீர் தெற்கே தரிசு நிலத்தில் போய்ப் பரவியது. அதை இறைக்க எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியிருக்கும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

பாதிப் பயறு மஞ்சளாகிச் செத்தது. மிச்சம் பிழைத்தது. மறுநாள் போய்ப் பார்த்தபோது வார்சினி பழையபடி ஆகியிருந்தாள். சாப்பிட்டேன் என்றாள், நல்லாத்தான் இருக்கேன் என்றாள், முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு முறை அழுதுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. ஆனால் மர்தியோ பெட்டியடிக்கு வந்தால் இப்போது திட்டுவாள். மடையை ஒழுங்காக அடைக்கவில்லை, சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டாய் என்று ஏதாவது. அவனுக்கு அது பிடித்திருந்தது போல இருந்தது. அவள் வருவதற்குள் ஓடிப்போவதை விட்டுவிட்டான்.

எங்கள் நெல்லை எலிகள் தீர்த்துவிட்டன. என் வீட்டுக்காரர் குச்சியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காவல் இருந்தும் வீட்டுச் சாப்பாட்டுக்குக்கூடத் தேறவில்லை. அறுப்பன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒளித்து வைத்த கம்பியைப் பற்றி நானும் பேசவில்லை.

வார்சினி வயலில் காய் பறிக்கப் போனேன். கறுத்துக் காய்ந்த காய்களைக் கொத்துக் கொத்தாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வரிசைக்கு வரிசை, நிறுத்தாமல்.

"உங்க வயல்ல என்ன தேறிச்சுக்கா?" என்றாள்.

என் பாடு என்ன என்று அவள் விசாரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரெண்டு மூட்டை என்றேன். அவள் உச் கொட்டினாள்.

அடுத்த வருஷம் வெயில் ஏறும் நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு காலை அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். நான் பின்னால் நின்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எண்டா எப்படி இருக்கிறாள், மில்லில் வேலை தொடர்கிறதா என்று சுற்றி வளைத்தார். கடைசியில், "விதைப்பயறு மிச்சம் ஏதும் இருக்காம்மா?" என்றார்.

வார்சினி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு டின்னை எடுத்து வந்தாள். அவர் பை எதுவும் கொண்டுபோகவில்லை. தொப்பியையே நீட்டினார். அவள் அதில் கைகையாக அள்ளிப் போட்டாள்.

"காயப்போட்டுட்டு விதைங்கண்ணே," என்றாள். "கொஞ்சம் ஈரம் இருக்கு."

பிறகு டின்னை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் என்னவோ வைத்திருந்தாள்.